வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தால்
(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய உரை)



பூச்சி மருந்து, உரம், விதை நேர்த்தி என்று பேசுகிற நேரத்தில் இன்றைக்கு வண்டியின் புகைக்குழாயைப் பற்றிப் பேசப் போகிறேன். 'வேளாண்மை அலுவலருக்கு எதற்கய்யா மெக்கானிக் வேலை?' என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் திருமழிசை, வெள்ளவேடு, நேமம், திருநின்றவூர், பட்டாபிராம் என்று நான் போகிற பக்கமெல்லாம் களத்து மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு லோடு வண்டி நிற்கிறது. சாயங்காலம் பறித்த கீரை விடிவதற்குள் கோயம்பேடு போய்ச் சேராவிட்டால் அது கீரை இல்லை, மாட்டுத் தீவனம். 2020 மே மாதம் கொரோனாவுக்காக மார்க்கெட்டையே திருமழிசைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தச் சில மாதங்களைத் தவிர, மற்றக் காலமெல்லாம் சரக்கு கோயம்பேடு போய்த்தான் ஆகவேண்டும். வண்டி படுத்தால் விளைச்சலும் படுத்துவிடும்.

நம் பகுதியில் ஓடுகிற பழைய வண்டிகளில் டீசல் குட்டி யானைகள் நிறைய உண்டு. அவற்றின் கதை வேறு. அதைக் கடைசியில் இரண்டு வார்த்தை சொல்கிறேன். இன்றைக்கு நான் பேசுவது பெட்ரோலிலும் சி.என்.ஜி. கேஸிலும் ஓடுகிற சின்ன லோடு வண்டிகளைப் பற்றி. 2016-ல் வந்த மாருதி சூப்பர் கேரி, அதற்கும் முந்தைய ஆம்னி, ஈகோ வேன்கள், பெட்ரோல் குட்டி யானை இந்த ரகம். வாங்கி எட்டு, பத்து வருஷம் ஆன வண்டிகள். இவற்றில் ஒருநாள் திடீரென்று மீட்டருக்குப் பக்கத்தில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். ஸ்கேனர் வைத்துப் பார்க்கிற மெக்கானிக், "ஆக்ஸிஜன் சென்சார் கோடு வருதுங்க, சென்சார் மாத்தணும்" என்பார். சென்சார் விலை சில ஆயிரம். மாற்றுவோம். பத்து நாளில் விளக்கு திரும்ப எரியும்.

ஏன் அப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

நெற்பயிரில் இலை மஞ்சளானால் உடனே யூரியா மூட்டையைத் தூக்குகிறோம். தழைச்சத்துக் குறைந்தாலும் இலை மஞ்சளாகும், வேரில் தண்ணி தேங்கி மூச்சு முட்டினாலும் மஞ்சளாகும், துத்தநாகம் பற்றாவிட்டாலும் வெளுக்கும். இலை சொல்வது உண்மை. அதற்குக் காரணம் இதுதான் என்று நாம் முடிவு கட்டுவதுதான் தப்பு. சென்சாரும் அப்படித்தான். அது இலை மாதிரி. நோய் பெரும்பாலும் குழாயில் இருக்கும்.

முதலில் இந்தச் சென்சார் என்ன செய்கிறது என்று பார்ப்போம். வெளியிலிருந்து பார்த்தால் ஸ்பார்க் பிளக் மாதிரியே இருக்கும், பின்னால் வயர் வால் மாதிரித் தொங்கும். இன்ஜினிலிருந்து புகை வெளியே வருகிற குழாயில், சைலன்சருக்கு ரொம்ப முன்னாலேயே, திருகி வைத்திருப்பார்கள். அதன் முனையில் ஜிர்கோனியா என்கிற ஒருவகைப் பீங்கான் இருக்கிறது. அந்தப் பீங்கானுக்கு உள்பக்கம் வெளிக்காத்து, வெளிப்பக்கம் இன்ஜின் புகை. இரண்டிலும் உள்ள ஆக்ஸிஜன் அளவு வித்தியாசப்படும்போது ஒரு சின்ன மின்சாரம் பிறக்கிறது. புகையில் ஆக்ஸிஜன் இல்லையென்றால், அதாவது பெட்ரோல் கூடுதலாக எரிகிறது என்றால், 0.8, 0.9 வோல்ட் காட்டும். புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருந்தால், அதாவது பெட்ரோல் குறைவு என்றால், 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காத்து வேண்டும். இந்தக் கணக்கு தப்பாமல் இருக்க, வண்டியில் உள்ள கம்ப்யூட்டர் பெட்டி சென்சார் சொல்வதைக் கேட்டுக்கேட்டுப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். மடையைத் திறந்து மூடுகிற நீர்க்கட்டி போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது ஒன்றும் நேற்று வந்த சங்கதி இல்லை. ஜெர்மனியின் போஷ் கம்பெனி 1976-ல் இதைத் தயாரித்தது; ஸ்வீடன் நாட்டு வோல்வோ கார்களில் முதலில் பொருத்தினார்கள். நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க நின்றது. ஈயம் பட்டால் கன்வர்ட்டரும் செத்துப்போகும், சென்சாரும் செத்துப்போகும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சென்சாருக்கு முன்னால், இன்ஜின் பக்கம், குழாயில் ஒரு சின்ன விரிசல் இருக்கிறது என்று வையுங்கள். கேஸ்கெட் ஒரு மூலையில் கருகி வழி விட்டிருக்கிறது. புகை அதன் வழியாக வெளியே போகும் என்றுதானே நினைப்போம்? போகும். ஆனால் அதோடு நிற்பதில்லை. புகை ஒரே சீராக வருவதில்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு தள்ளு, தள்ளுக்கும் தள்ளுக்கும் நடுவில் ஒரு இழுப்பு. அந்த இழுப்பில் வெளிக்காத்து உள்ளே போய்விடும். கிணற்று மோட்டாரில் உறிஞ்சு குழாயில் ஊசி முனை ஓட்டை இருந்தால் என்ன ஆகிறது? தண்ணி வெளியே சொட்டுவதில்லை, காத்து உள்ளே போகிறது, மோட்டார் தண்ணி எடுப்பதில்லை. அதே சமாசாரம்தான் இங்கேயும்.

உள்ளே போன காத்தில் ஆக்ஸிஜன் இருக்கிறது. சென்சார் அதைப் பார்த்துவிட்டு, "பெட்ரோல் போதவில்லை" என்று சொல்கிறது. சென்சார் பொய் சொல்லவில்லை. அதன் முன்னால் போகிற புகையில் ஆக்ஸிஜன் இருப்பது மெய். கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. இன்னும் கூட்டுகிறது. ஒரு எல்லைக்கு மேல் கூட்ட முடியாமல் விளக்கைப் போட்டுவிடுகிறது. ஸ்கேனரில் பெரும்பாலும் பி 0171 என்று வரும். பெட்ரோல் குறைவு என்று அதற்கு அர்த்தம். உண்மையில் இன்ஜினுக்குள் பெட்ரோல் வழிகிறது.

இதில் நஷ்டம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடுவோம். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடின வண்டி 11-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தினம் போக வர 60 கிலோமீட்டர். முன்பு 4.3 லிட்டர் ஆனது, இப்போது 5.5 லிட்டர் ஆகிறது. மாதம் 25 நாள் ஓட்டினால் 30 லிட்டர் கூடுதல். லிட்டர் 100 ரூபாய் என்றாலும் மாதம் 3,000 ரூபாய். கத்தரிக்காய் விலை விழுந்த மாதத்தில் மிச்சப்படுகிற லாபமே அவ்வளவுதான். அதற்கு எதிரில் ஒரு கேஸ்கெட்டின் விலை சில நூறு.

பணம் போவது ஒரு பக்கம். உயிர் போகிற பக்கம் ஒன்று இருக்கிறது. அதை நன்றாகக் கேட்கவேண்டும்.

பெட்ரோல் அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்கிற வாயு உண்டாகிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கிற சிவப்புப் பொருளோடு அது 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் லேசில் விடாது. வண்டி நல்ல நிலையில் இருந்தால் கன்வர்ட்டர் இந்த வாயுவில் பெரும்பகுதியை எரித்துவிடும். ஆனால் ஒழுகல் கன்வர்ட்டருக்கு முன்னால் இருந்தால் சுத்தமாகாத பச்சைப் புகை வெளியே வரும். அதுவும் எப்படிப்பட்ட புகை? ஒழுகலால் ஏமாந்த கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி, கார்பன் மோனாக்சைடும் கூடிப்போன புகை. இந்த வண்டிகள் பலவற்றில் இன்ஜின் எங்கே இருக்கிறது? சீட்டுக்கு அடியில். இப்போது புரிகிறதா?

மார்க்கெட் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, மழைக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்ஜினை அணைக்காமல் சீட்டிலேயே சாய்ந்து தூங்குகிற பழக்கம் நம் பிள்ளைகளுக்கு உண்டு. ஒழுகுகிற வண்டியில் அந்தத் தூக்கம் எழுந்திருக்காத தூக்கமாகிவிடும். அதேபோல நடவுக்கும் பறிப்புக்கும் ஆட்களைப் பின்னால் ஏற்றி, வெயிலுக்குத் தார்பாய் கட்டி ஓட்டுகிறோம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதே சட்டப்படி தப்பு. அது போக, டெயில் பைப் நடுவில் அறுந்து தொங்கினால் ஓடுகிற வண்டியின் பின்புறத்துச் சுழல்காத்து அந்தப் புகையைத் தார்பாய்க்குள் இழுத்துவிடும். வண்டியில் வந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வருகிற மாதிரி உணர்வு. இறங்கி நின்றால் தெளிகிறது என்றால், அது வெயில் இல்லை, புகை. யாராவது மயங்கிவிட்டால் உடனே திறந்தவெளிக்குத் தூக்கிக்கொண்டு வந்து 108-க்குப் போன் செய்யுங்கள். சோடா தெளித்து நேரம் போக்காதீர்கள்.

போன வருஷம் வெள்ளவேட்டுப் பக்கம் ஒரு கீரை விவசாயியைப் பார்த்தேன். வண்டியில் இரண்டு தடவை சென்சார் மாற்றிவிட்டார், விளக்கு அணையவில்லை. "சார், மூணாவது வாங்கணுமாம்" என்றார். பேச்சோடு பேச்சாக, அவர் சம்சாரம், "வண்டியில மார்க்கெட்டுக்குப் போனா எனக்குத் தலை இடிக்குதுங்க" என்று சொன்னார். இரண்டும் ஒரே வியாதி என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. பிளக்கைக் கழற்றச் சொன்னோம். சட்டி அடிப்பக்கம் மாதிரிக் கரி. பெட்ரோல் குறைவு என்று ஸ்கேனர் சொல்கிற வண்டியில் பிளக் கரியாக இருக்கலாமா? மேனிஃபோல்டும் குழாயும் சேருகிற இடத்தில் கேஸ்கெட் கருகிப் பாதி இல்லை. அதை மாற்றி, துருப்பிடித்த போல்ட் இரண்டைப் புதிதாகப் போட்டதோடு வேலை முடிந்தது. கழற்றிப் போட்ட பழைய சென்சார்களை டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். இரண்டும் நல்லவை என்றே நினைக்கிறேன்.

ஆகவே முதல் பரீட்சை பிளக்தான். பெட்ரோலில் ஓடின வண்டியில் கோடு 'குறைவு' என்கிறது, பிளக் கருப்பாக இருக்கிறது என்றால் ஒழுகலைத் தேடுங்கள். பிளக் வெள்ளை வெளேரென்று இருந்தால் உண்மையிலேயே பெட்ரோல் போதவில்லை. அப்போது பெட்ரோல் ஃபில்டர், இன்ஜினுக்குக் காத்து போகிற ரப்பர்க் குழாயின் விரிசல் இதையெல்லாம் பாருங்கள். சி.என்.ஜி. சுத்தமாக எரிவதால் அதில் மட்டும் ஓடுகிற வண்டியில் பிளக்கின் நிறத்தை வைத்து அவ்வளவாகச் சொல்ல முடியாது.

ஒழுகலைத் தேடுகிற நேரம் விடியற்காலை. வண்டி ராத்திரி முழுக்க ஆறி இருக்கவேண்டும். ஸ்டார்ட் செய்தவுடன் 'டிக் டிக்' என்று சன்னமாக ஒரு சத்தம் வந்து, ஐந்து நிமிஷத்தில் இன்ஜின் சூடேறியதும் மறைந்துவிட்டால் மேனிஃபோல்டு பக்கம் சந்தேகப்படுங்கள். சூட்டில் இரும்பு விரிந்து விரிசல் மூடிக்கொள்கிறது. ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோகும்போது வண்டி சூடாக இருக்கும், சத்தம் இருக்காது, மெக்கானிக்குக்கும் தெரியாது. அதனால்தான் இதை உங்கள் வாசலிலேயே பார்க்கச் சொல்கிறேன்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது ஒரு ஆள் தடித்த ஈரத் துணியை மடித்து டெயில் பைப் வாயில் இரண்டு, மூன்று விநாடி அழுத்திப் பிடிக்கட்டும். இன்னொருவர் பக்கவாட்டில் குனிந்து காது கொடுத்தால் ஒழுகுகிற இடத்தில் 'புஸ் புஸ்' என்று கேட்கும். இணைப்புகளின் மேல் சோப்புத் தண்ணியைத் தெளித்தால் குமிழ் கிளம்பும். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்க்கிற வித்தைதான். ஊதுபத்தியைப் பக்கத்தில் காட்டினால் புகை அலைபாய்வது தெரியும்; ஆனால் பெட்ரோல் வாசனை அடிக்கிற வண்டியிலும் கேஸ் வண்டியிலும் ஊதுபத்தி வேண்டவே வேண்டாம். கண்ணாலேயே பார்க்கலாம்: கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு இழுத்திருந்தால் அங்கே வழி இருக்கிறது. முக்கியமாகப் பார்க்கவேண்டிய இடங்கள் இன்ஜினோடு மேனிஃபோல்டு சேரும் இடம், குழாயோடு குழாய் சேரும் ஃபிளேஞ்ச், வலை போட்டு நெளிகிற பெல்லோஸ், சென்சார் திருகியிருக்கும் மரையின் வெல்டிங். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, சேஸிஸுக்கு அடியில் கனமான மரக்கட்டை வைத்துவிட்டுப் படுங்கள். கருங்கல், செங்கல் உடைந்துவிடும்.

சென்சாருக்குப் பின்னால் ரொம்பத் தூரத்தில், சைலன்சரில் ஓட்டை இருந்தால் விளக்குக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. சத்தம் வரும், புகை வரும், அவ்வளவுதான். அதற்காக விட்டுவிடச் சொல்லவில்லை. முன்பக்கத்து ஒழுகலை முதலில் பாருங்கள் என்கிறேன்.

சைலன்சர் ஏன் இவ்வளவு சீக்கிரம் ஓட்டையாகிறது என்று கேட்பீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியாக உண்டாகிறது. ஆச்சரியமாக இருக்கிறதல்லவா? நெடுந்தூரம் ஓடினால் அது ஆவியாகவே வெளியே போய்விடும். வீட்டுக்கும் வயலுக்கும் அரை கிலோமீட்டர் ஓட்டி ஓட்டி நிறுத்தினால் சைலன்சருக்குள்ளேயே குளிர்ந்து தேங்கி, உள்ளிருந்து துருப்பிடிக்கும். சில சைலன்சர்களின் அடியில் தண்ணி வடிய ஒரு சின்னத் துவாரம் விட்டிருப்பார்கள். அதை ஓட்டை என்று நினைத்து வெல்டிங் வைத்து அடைத்துவிடாதீர்கள்.

இனி ரிப்பேர். கேஸ்கெட் போயிருந்தால் கேஸ்கெட்டை மாற்றுவதுதான் வழி. பழைய போல்ட்டைச் சூடாக்காமல் முறுக்கினால் தலை அறுந்து வரும். முதல்நாள் ராத்திரியே துருநீக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். இரண்டு முகங்களையும் சுரண்டிச் சமமாக்கி, போல்ட்டுகளை ஒரே மூச்சில் இறுக்காமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவேண்டும். ஃபிளேஞ்ச் முகமே வளைந்திருந்தால் அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் எந்த லேத் பட்டறையிலும் பிடித்துக் கொடுப்பார்கள். லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா என்று வண்டிச் சாமான் செய்கிற பெரிய ஆலைகள் வளர்ந்த பாடியும் பக்கத்தில்தான் இருக்கிறது. கை தேர்ந்த வேலையாட்களுக்கு இங்கே பஞ்சமில்லை.

கேஸ்கெட்டுக்குப் பதிலாக டியூப்பில் வருகிற சிலிக்கான் பசையைத் தடவிவிடுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. வேண்டாம். சாதாரணச் சிலிக்கான் பசையிலிருந்து கிளம்புகிற ஆவி சென்சார் முனையில் வெள்ளையாகப் படிந்து அதைக் கொன்றுவிடும். ஒழுகலை அடைக்கப் போய் நல்ல சென்சாரையும் கெடுத்த கதையாகும்.

குழாயில் விரிசல் என்றால் வெல்டிங் வைக்கலாம். ஆர்க் வெல்டிங் வைப்பதற்கு முன்னால் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டவேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் பெட்டி வழியாக மின்சாரம் ஓடி அது போய்விடும். அதன் விலைக்கு ஒரு நல்ல கறவை மாடு வாங்கிவிடலாம். பெட்ரோல் டேங்க், கேஸ் சிலிண்டர் பக்கத்தில் பொறி பறக்கக்கூடாது. முடிந்தால் குழாயைக் கழற்றிக் கீழே வைத்து வெல்டிங் வையுங்கள்.

ஒழுகல் எங்கும் இல்லை, ஆனாலும் விளக்கு எரிகிறது என்றால் இப்போது சென்சாரைப் பார்க்கலாம். அதற்கும் முன்னால் அதன் வயரைப் பாருங்கள். நெல் மூட்டை ஏற்றுகிற வண்டியில் எலி குடியிருக்கும். எலி வயரைக் கடித்ததற்குச் சென்சார் என்ன செய்யும்? சூடான குழாயில் உரசி உருகின வயரும் உண்டு. அறுந்த வயரைக் கூட்டுகிறபோது ஈயப் பற்று வைக்காமல் கிளிப் வைத்து நசுக்கி இணைக்கவேண்டும். பல சென்சார்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காத்து அந்த வயரின் இழைகளுக்கு நடுவில்தான் போகிறது. அதே காரணத்துக்காகக் கப்ளரில் கிரீஸ் அடைக்காதீர்கள்.

பெரும்பாலான சென்சாரில் நான்கு வயர் இருக்கும். ஒரே நிறமாக உள்ள இரண்டும் உள்ளே இருக்கும் ஹீட்டருக்கு. பீங்கான் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும் என்பதால் அதற்கு ஒரு சின்ன அடுப்பு. கப்ளரைக் கழற்றி அந்த இரண்டு வயரிலும் மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். சில ஓம் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்துவிட்டது, சென்சார் மாற்றவேண்டியதுதான். ஹீட்டர் சரி, இன்ஜின் நன்றாகச் சூடானபின் சிக்னல் வயரில் வோல்ட் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவில் ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருந்தால் சென்சார் நல்லது. ஒரே இடத்தில் நின்றால் சந்தேகம். சில வண்டிகளில் வேறு வகைச் சென்சார் உண்டு; அங்கே இந்தக் கணக்கு பொருந்தாது, ஸ்கேனர்தான் பேசவேண்டும். இரண்டு சென்சார் உள்ள வண்டியில் முன்னது பெட்ரோலுக்கு, பின்னது கன்வர்ட்டரைக் கண்காணிக்க. எது கெட்டது என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் தெருவெல்லாம் ஆறாக ஓடியதை மறந்திருக்க மாட்டீர்கள். சூடான சென்சார் மேல் குளிர்ந்த தண்ணி பட்டால் பீங்கான் விரிந்துவிடும். சுட்ட சட்டியில் தண்ணி ஊற்றின மாதிரிதான். அப்படி முழுகி வந்த வண்டியில் கழற்றின பழைய சென்சார் புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைத்தாலும் வாங்கவேண்டாம். கதவு, கண்ணாடி பழையதாக வாங்கலாம். இது அப்படிப்பட்ட சாமான் இல்லை.

புதியதைப் போடுகிறபோது இன்ஜின் லேசாகச் சூடாக இருந்தால் பழையது சுலபமாகக் கழன்று வரும். பெரும்பாலும் 22-ஆம் நம்பர் ஸ்பேனர். மரையில் மட்டும் சூடு தாங்கும் பசையைத் துளி தடவலாம். முனையில் பசையோ கையோ படக்கூடாது. முனையைப் பெட்ரோல், மண்ணெண்ணெய் விட்டுக் கழுவுகிற வைத்தியமும் பலிக்காது.

கன்வர்ட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பிளாட்டினம், பலேடியம், ரோடியம் என்று விலை உயர்ந்த உலோகங்கள் அதில் இருப்பதால், "அது எதுக்குங்க, கழட்டிக் குடுத்துடுங்க, நேர்ப் பைப் போட்டுத் தர்றேன்" என்று காசு காட்டுகிறவர்கள் உண்டு. கொடுத்துவிட்டால் பின்சென்சார் விளக்கைப் போடும், புகைச் சோதனையில் தேறாது, எஃப்.சி.யில் வண்டி நின்றுவிடும். திரும்ப வாங்கப் போனால் விலை கேட்டுத் தலை சுற்றும். இன்னொன்று: அதன் உள்ளே ஓடும்போது சூடு 300-லிருந்து 800 டிகிரி வரை போகும். களத்தில் காய்ந்த வைக்கோல் மேல் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். போருக்கும் வண்டிக்கும் சேர்த்துப் போய்விடும். மஞ்சள் விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால் எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சரக்கு பாதி வழியில் இருந்தாலும் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுவது நல்லது.

டீசல் வண்டிக்காரர்கள் பொறுத்திருந்தீர்கள். பழைய டீசல் குட்டி யானையில் இந்தச் சென்சார் கிடையாது. அதில் கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டர், நாசில், பம்ப் இவற்றைப் பாருங்கள். ஒழுகல் ஆபத்து மட்டும் எல்லா வண்டிக்கும் பொது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் வேறு பல சென்சார்கள் உண்டு. அவற்றில் வீட்டில் கை வைக்கவேண்டாம்.

வேலை முடிந்ததும் ஸ்கேனரில் பழைய கோடை அழித்துவிடச் சொல்லுங்கள். புகைச் சோதனைக்குப் போகும்போது சீட்டில் லாம்டா என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், பி.எஸ்.4 பெட்ரோல் வண்டிக்கு அது 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில் இருக்கவேண்டும். அதைவிட ஏறியிருந்தால் குழாயில் எங்கோ இன்னும் காத்து போகிறதா என்று திரும்பத் தேடுங்கள். புதுக் கேஸ்கெட் இரண்டு மூன்று தடவை சூடேறி ஆறினால் கொஞ்சம் அமுங்கும். ஆகவே நாலைந்து நடை போய்வந்த பிறகு, காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது, அந்த ஃபிளேஞ்ச் போல்ட்டுகளை இன்னொரு தடவை இறுக்கிவிடுங்கள்.